குடிக்கக் கூடாது என்று நான் எழுதிய விதம்

புதிதாக டிசைன் கடை போட்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான் எழுதியதெல்லாம் நாலடி, எட்டடி உயரத்தில். இவ்வளவு பொடியாகவும் இவ்வளவு நீளமாகவும் எழுதியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடையில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

முதலில் நான் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் குறைத்துச் சொல்வார்கள். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எந்த ரோட்டில் போனாலும், ஒரு மைலுக்குள் என் கைவேலை ஒன்றையாவது பார்க்காமல் நீங்கள் போக முடியாது. கரும்பு டிராக்டரின் பின்பலகையில் பெயர் எழுதித் தொடங்கியவன். நாற்பது வயதில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, ஒருவரும் சொல்லித்தராமல், பட்டன் பட்டனாக அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தவர்கள் என் கடை வாசலில் நின்று சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் பெயரை ஊருக்குச் சொன்னது ஒரே ஓர் எழுத்துருதான். நான் அதைச் சிரிக்கிற எழுத்து என்று சொல்வேன். இங்கிலீஷ் எழுத்தில் அப்படி ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது. முனைகளில் கொடுக்கு, கொம்பு எதுவும் கிடையாது. தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி எல்லா மூலையும் உருண்டிருக்கும். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். காது கொடுத்துக் கேட்கிற மனுஷன் நம் பக்கம் சாய்வாரே, அந்தச் சாய்வு. அதைப் பார்த்த நாளிலிருந்து, தமிழில் இது ஏன் இல்லை என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டரில் சாய்க்கிற பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அதை அழுத்திப் பாருங்கள். ‘ண’வின் சுழிகள் மிதிபட்ட முட்டை மாதிரி நசுங்கும். ‘ழ’ வரப்பில் வழுக்கினவன் மாதிரி நிற்கும். ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் தாளில் கையால் வரைந்தேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. தெரிந்தவர் ஒருவர் அதை எழுத்துருவாகக் கட்டித் தந்தார்.

அதற்குப் பிறகு நர்சரி பள்ளி வேன், ஐஸ்கிரீம் வண்டி, காதுகுத்து பேனர், வளைகாப்புப் பத்திரிகை எல்லாம் என் எழுத்துதான். பல் டாக்டர் ஒருவருக்கு அதில் போர்டு போட்டுக் கொடுத்தேன். வாசலிலேயே அழுகிற பிள்ளைகள் இப்போது நாற்காலி வரைக்கும் வந்த பிறகுதான் அழுகிறார்கள் என்று அவரே சொன்னார். கடலூர் பக்கத்துக் கடைக்காரர்கள் அதைத் திருடிப் போட்டார்கள். நான் கோபப்படவில்லை. நல்ல பொருளைத்தானே திருடுவார்கள்?

இவ்வளவு பெருமையும் உண்மை. இனி சொல்லப்போவதும் உண்மை.

செலியமேட்டில் பத்துப் பெண்கள் சேர்ந்து பினாயில் தயாரித்து விற்கிறார்கள். குழுவுக்குத் தலைவி வளர்மதி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சில் வழவழப்பு கிடையாது. ஒரு சித்திரை மாதம் கடைக்கு வந்தாள்.

“ஆர்ட்டிஸ்ட் அண்ணே, எங்க பாட்டில பாத்தாலே எல்லாரும் மூஞ்சிய சுளிக்கிறாங்க. கக்கூஸ் ஞாபகம் வருதாம். பாகூர்ல ஒருத்தரு ரோஸ்மில்க் சிரப்பு விக்கிறாரே, அவருக்கு லேபிளு போட்டீங்க இல்ல, அதே மாதிரி சிரிச்ச மொகமா எங்களுக்கும் போட்டுக் குடுங்க.”

“பினாயிலு சிரிக்கணுமா?”

“சிரிக்கட்டுமே. கழுவுறவளும் ஒரு நாளைக்கு சிரிக்கட்டும்.”

நம் கடைகளில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய ஃபைலைத் திறந்தேன். ரோஸ்மில்க் என்பதை எடுத்துவிட்டு, குழுவின் பெயரான ‘தென்றல்’ என்பதைப் பெரிதாகப் போட்டேன். பால் டம்ளர் படத்தை எடுத்தேன். ரோஜாப்பூவை மட்டும் அப்படியே இருக்க விட்டேன், அவர்கள் செய்வது ரோஜா மணம் போட்ட, ரோஜா நிறம் கலந்த பினாயில். ‘பினாயில்’ என்ற சொல்லைக் கீழே சின்னதாக வைத்தேன். பின்பக்கம் ‘குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அதே சிரிக்கிற எழுத்தில், வெள்ளை மேல் இளஞ்சிவப்பில் போட்டேன். வேறு பெயரில் சேமித்தேன். இருபது நிமிஷ வேலை.

வளர்மதி அச்சை வாங்கிப் பார்த்தாள். சந்தோஷம்தான். பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“இந்தக் குடிக்கக் கூடாது மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கலாமாண்ணே?”

“டிசைன் கெட்டுடும்மா. எனக்குத் தெரியாததா?”

அவள் அச்சைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கும் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாள், காலை பதினொரு மணி. ஏம்பலத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி, தன் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கை, நாலு ஊருக்கு பேனரும் என்னிடமே என்று பேச்சு. என் மேஜை மேல், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, நான் லேபிள் போட்ட பாட்டில்களை வரிசையாக வைத்திருப்பேன். ரோஸ்மில்க் சிரப்பும் அதில் உண்டு. தென்றலும் உண்டு. இரண்டும் அரை லிட்டர், இரண்டும் ஒரே கடையில் வாங்கின பாட்டில், வெள்ளை மூடி.

வெயிலில் வந்த மனுஷனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. பக்கத்துக் கடையில் ஜில்லென்று தண்ணீர் வாங்கி டம்ளரில் ஊற்றினேன். பேசிக்கொண்டே கையை நீட்டி பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் சாய்த்தேன். பினாயில் தண்ணீரில் விழுந்தால் பால் போல வெளுக்கும். நிறம் போட்டிருந்ததால் அந்த வெளுப்பிலும் லேசான சிவப்பு. பார்க்க ரோஸ்மில்க்தான்; வெறும் தண்ணீரில் சிரப்பு அப்படி வெளுக்காது என்பது பேச்சு மும்முரத்தில் உறைக்கவில்லை. என் மூக்கு தின்னரிலும் பெயின்டிலும் ஊறிய மூக்கு; அது எப்போதோ செத்துவிட்டது. நீட்டினேன். அவர் வாய் வரைக்கும் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார்.

“இன்னாய்யா இது, ஆஸ்பத்திரி வாசனை வருது?”

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

“கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தா, எனக்குக் கருமாதி பத்திரிகை அடிச்சிடுவ போலருக்குதே!”

நானும் சேர்ந்து சிரித்தேன். டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். அதற்குப் பிறகு, தம்பிகளே, தங்கைகளே, நான் செய்ததைக் கேளுங்கள். உட்கார்ந்து அவருக்குப் பத்திரிகை மாதிரியைக் காட்டினேன். எழுத்தைக் கொஞ்சம் கூட்டினேன், பிள்ளையாரைக் கொஞ்சம் குறைத்தேன். அரை மணி நேரம். வாய் பேசிக்கொண்டிருந்தது. கண் அந்த பாட்டிலுக்கே போய்ப் போய் வந்தது. எழுதினவனே ஏமாந்தால் மற்றவன் கதி என்ன? இல்லை, நான் கவனம் இல்லாமல் எடுத்தேன், வேறு யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். இப்படி எனக்கு நானே வக்கீல். நாற்பது வருஷத் தொழிலில் நான் வீணாக்கின நேரம் நிறைய உண்டு. அந்த அரை மணி நேரம் மாதிரி ஒன்று கிடையாது.

அவர் போனதும் வளர்மதிக்கு போன் போட்டேன்.

“எத்தனை பாட்டில்ல ஒட்டின?”

“உங்களுக்குக் குடுத்தது போக இப்பத்திக்கு இருவத்தி நாலு. பதினேழு வூட்லயே இருக்குது. இன்னாண்ணே, கொரலு ஒரு மாதிரியா இருக்குது?”

“மிச்சம் ஏழு எங்க?”

“ஆறு எங்க குழுக்காரங்களே எடுத்துகினாங்க. ஒண்ணு ரோட்டுக் கடையில மாதிரிக்கு வெச்சிருக்கேன்.”

குழுப் பெண்களுக்குத் தாங்கள் கிளறியது என்ன என்று தெரியும். கடையில் இருப்பதுதான் பயம். “அந்த ஒண்ண எடுத்து உள்ள வெய்யி, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் செலியமேடு போய்ச் சேரும்போது வளர்மதி கடை வாசலிலேயே நின்றாள். கையில் பாட்டில் இல்லை. கடைக்காரர் எதுவும் நடக்காத மாதிரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

“அதுவா? அது காலையிலயே போயிருச்சே. பிரிட்ஜ்ல வெச்சேன், வெச்ச கையோட போயிருச்சு.”

“பிரிட்ஜ்லயா வெச்சீங்க?” என்றாள் வளர்மதி.

“சர்பத்த வேற எங்க வெப்பாங்க? நீ பாட்டுக்கு வண்டியில வந்த, ‘மாதிரிக்கு ஒண்ணு’ன்னு வெச்சிட்டுப் பறந்துட்ட. லேபிள பாத்தேன். சர்பத்துதான்னு நெனச்சேன்.”

“யாரு வாங்குனது?” என்றேன்.

“கடற்கரைப் பக்கம், நல்லவாட்டு ஆளு. இங்க மாமியா வூட்டுக்கு வந்துட்டுப் போனாரு. பொண்ணுக்குப் பொறந்தநாளாம், சாயங்காலம் புள்ளைங்களுக்குக் கலக்கிக் குடுக்கணும்னாரு.”

“பேரு?”

“சர்பத்து வாங்குறவன்கிட்ட பேரு கேப்பாங்களா? நீலச் சட்டை.”

மாமியார் வீடு எது என்று தெருவில் விசாரித்தோம். இரண்டு பேர் இரண்டு வீட்டைக் காட்டினார்கள். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் ஆளே வேறு. தெருத்தெருவாக அலைந்ததில் மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வளர்மதி ஒன்றும் கேட்காமல் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

போகிற வழியில் நான்தான் பேசினேன். “வாசனையிலயே தெரிஞ்சிடும்மா.”

“ரோஜா வாசனை போட்டிருக்கோம்ணே.”

“பாத்தாலே தெரியும்.”

“உங்களுக்கே தெரியலயே.”

நல்லவாட்டுக் கடற்கரை வரும் வரைக்கும் ஸ்கூட்டரை முறுக்கிப் பிடித்தேன்.

படகுகள் கரையேறியிருந்தன. பத்துப் பதினைந்து பேர் நிழலில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருத்தெருவாக வீடுகள். எந்தக் கதவைத் தட்டுவது? நீலச் சட்டை போட்டவர், மகளுக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: “இங்க பாதிப் பேரு நீலச் சட்டைதான். மீதிப் பேருக்குச் சட்டையே கெடையாது.” எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர்தான், “அவசரம்னா கோயில்ல மைக்கு இருக்குது, போயிச் சொல்லு” என்று வழி காட்டினார்.

மைக் கையில் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று அந்தக் குழந்தைகள். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் பெயர். மைக்கில் சொன்னால் ஊருக்கே தெரியும், ஏம்பலத்துக்காரருக்குத் தெரியும், பெரிய கை போகும். இரண்டு பயமும் ஒரே தொண்டையில். நான் பேசியது இது. ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது:

“எல்லாருக்கும் வணக்கம். நான் வில்லியனூர் ஆர்ட்டிஸ்ட் பேசுகிறேன். உங்கள் ஊரில்கூட நிறைய வேலை செய்திருக்கிறேன். ஒரு சின்னத் தகவல். செலியமேட்டில் இன்று வாங்கிய பாட்டில் ஒன்றில் லேபிள் கொஞ்சம் மாறிப்போயிருக்கலாம் என்று தெரிகிறது. வாங்கிய அன்பர் தயவுசெய்து கோயிலுக்கு வந்து…”

வலைக்காரர்கள் நிமிரவில்லை. குழாயில் என் குரல் கடற்கரை வரைக்கும் போய், இனிப்பாகத் திரும்பி வந்தது. “இன்னா கம்பெனி விளம்பரம்பா?” என்று யாரோ கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

வளர்மதி மைக்கைப் பிடுங்கினாள்.

“ரோஸ் கலரு பாட்டிலு. அது பினாயிலு. வெஷம். குடிக்காதீங்க. பொறந்தநாளு வூடு எதுவோ, டம்ளர கீழ வையுங்க. புள்ளைங்க கையில இருந்தா புடுங்குங்க. டம்ளர கீழ வையுங்க.”

வலைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நாலு பேர் ஊருக்குள் ஓடினார்கள். அவள் அதையே இரண்டாம் தரம் சொல்லத் தொடங்கினாள். முடிப்பதற்குள் மூன்றாவது தெருவிலிருந்து ஒரு பெண் அலறியது கேட்டது.

ஓடினோம். வாசலில் பலூன். உள்ளே ஒரு ஸ்டூல் மேல் கேக். எவர்சில்வர் குண்டான் நிறைய இளஞ்சிவப்புப் பால், ஐஸ் மிதக்கிறது. டம்ளர்கள் ஊற்றி வரிசையாக நிற்கின்றன. மைக் சத்தம் கேட்டதும் அந்த வீட்டு அம்மாள் பிள்ளைகள் கையிலிருந்ததை எல்லாம் தட்டிவிட்டிருக்கிறார், தரையெல்லாம் வழுக்கியது. ஆனால் பிறந்தநாள்காரிக்குத்தான் முதல் டம்ளர் இல்லையா? ஐந்து வயசுப் பெண். ஒரு வாய் குடித்து, பாதியைத் துப்பிவிட்டு, மீதியை விழுங்கியிருந்தாள். இருமல் நிற்கவில்லை. உதட்டைச் சுற்றிச் சிவந்து கிடந்தது. நீலச் சட்டைக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு கிழவி உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். “வாந்தி எடுக்க வெய்யுங்க, எல்லாம் வெளிய வந்துடும்.”

வளர்மதி குறுக்கே போய் நின்றாள். “வேணாம் ஆயா! எங்களுக்கு டிரெயினிங்ல சொன்னது. திரும்ப ஏறி வரச்சே மூச்சுல போயிடும். எதுவும் குடுக்காதீங்க. வாயத் தொடச்சி வுடுங்க. வண்டி எங்க?”

மீன் ஏற்றுகிற வண்டி ஒன்று நின்றது. ஏறினோம். குழந்தையின் அம்மா, அப்பா, வளர்மதி, நான். நான் எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வளர்மதி பாட்டிலை என் மடியில் வைத்தாள். “புடிங்க. டாக்டரு கேப்பாங்க.” வழி முழுக்க ரோஜாப்பூ என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுப் பாட்டிலைக் கேட்டார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

“இதுல என்னென்ன கலந்திருக்குன்னு எங்க எழுதியிருக்கு?”

எழுதியிருக்கிறது. நான்தானே வைத்தேன். அடியில், கடுகளவு எழுத்தில், சாய்வாக, வெள்ளை மேல் இளஞ்சிவப்பில். அவர் கண்ணைச் சுருக்கினார்.

“ஒரு எழுத்துகூடத் தெரியல. யாருங்க இத இப்படி எழுதுனது?”

வளர்மதி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

“நான்தாங்க” என்றேன்.

“அப்ப படிங்க, சீக்கிரம்.”

பாட்டிலை வாங்கினேன். கண்ணாடியை மேலே தள்ளினேன், கீழே இறக்கினேன். என் எழுத்து, ஒவ்வொரு சுழியும் என் விரல் போட்டது. என்னாலேயே படிக்க முடியவில்லை. வளர்மதிதான் பக்கத்தில் வந்து, என்ன எண்ணெய், எந்த மருந்து, எவ்வளவு சாயம் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பொழுது இறங்கும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நாலு பேரும் எழுந்து நிற்போம். நர்ஸ் வேறு யாரையாவது கூப்பிடுவார். மறுபடி உட்காருவோம். நீலச் சட்டைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எழுதுனது நீதானா?”

“ஆமாங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா. பஸ்ஸு நம்பரு பாப்பேன், அவ்வளவுதான். கேக்கு வாங்கினேன் இல்ல, அந்த டப்பா மேல இருக்குற எழுத்தும் இந்த பாட்டிலு மேல இருக்குற எழுத்தும் ஒரே மாதிரி இருந்துச்சு. அப்ப இதுவும் கொழந்தைக்குன்னு வாங்குனேன்.”

கேக் டப்பாவும் நான் போட்டதுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று இந்த வட்டாரத்தில் என்னைவிட யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? அவர்கள் சொல்லைப் பார்ப்பதில்லை. சொல்லின் முகத்தைப் பார்க்கிறார்கள். கடுகடுப்பாக நின்றால் ஒதுங்குவார்கள், சிரித்தால் கிட்டே வருவார்கள். ‘குடிக்கக் கூடாது’ என்று நான் எழுதியிருந்தேன். என் எழுத்து ‘வா, குடி’ என்று கூப்பிட்டது.

அதனால் சிரிக்கிற எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதைப் போல ஒன்று இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போடுங்கள், பலகாரக் கடைக்குப் போடுங்கள், பயந்துகொண்டு வருகிறவனை உள்ளே கூப்பிட வேண்டிய எந்த வாசலுக்கும் போடுங்கள். வேண்டாம், நில், தொடாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நிமிர்ந்த எழுத்தை வையுங்கள். கறுப்பில், பருமனாக, டிசைன் கெட்டால் கெடட்டும். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றும்போது, அந்தப் பழைய பொருளின் முகமும் கூடவே வந்துவிடுகிறது என்பதை மறக்காதீர்கள். அடித்து முடித்ததும் படிக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டி, “இது இன்னான்னு நெனைக்கிற?” என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் நீங்கள் எழுதியது. பதினேழு பாட்டிலும், குழுக்காரர்களிடம் இருந்த ஆறும், பிற்பாடு என் கையாலேயே லேபிள் உரிக்கப்பட்டன. “இப்ப அசிங்கமா இருக்குதுண்ணே” என்றாள் வளர்மதி, புது லேபிளைப் பார்த்து. சொல்லிவிட்டு உடனே வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. தொண்டையில் புண், நெஞ்சில் இறங்கியிருக்கிறதா என்று காலை வரை பார்க்க வேண்டும் என்றார்கள். விடிந்து, வெயில் வராந்தாவில் விழுந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். “நெஞ்சு சுத்தமா இருக்கு. தண்ணி குடுத்துப் பாருங்க. முழுங்கிட்டாள்னா பயமில்ல” என்றார்.

உள்ளே போனோம். குழந்தை பிறந்தநாள் கவுனோடேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“தண்ணிதான்டி கண்ணு.”

தலையை ஆட்டினாள்.

“பாரு, அப்பா குடிக்கிறேன்” என்று நீலச் சட்டைக்காரர் ஒரு வாய் குடித்துக் காட்டினார். அதற்கும் மசியவில்லை. அவள் அப்பாதானே நேற்றும் கொடுத்தது? அவள் கண் சுற்றிக்கொண்டு வந்து என் மேல் நின்றது.

“இது யாரு?”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதைச் சொன்னார். “அந்த பாட்டிலு மேல எழுதுனவரு.”

குழந்தை யோசித்தாள். தொண்டை கரகரத்தது.

“அப்ப அவுரு குடிக்கட்டும்.”

டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். வெறும் தண்ணீர்தான். அவள் கண்ணை எடுக்காமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினதைப் பார்த்த பிறகு, கையை நீட்டினாள்.